ஆ-தியெனுக்கு ஒரு தனி வகை

சாப்பிட்டு முடித்ததும் ஒரு குட்டித் தூக்கம் போடாதவர்களோடு எனக்கு ஒட்டுவதே இல்லை. நீங்கள் தூங்குகிறவர் என்று தெரிகிறது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சின்னத் தலையணை இருக்கிறது. அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். எங்கள் சாய ஆலையில் பகல் சாப்பாடு முடிந்தவுடன் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் மேஜைமேல் கையை மடக்கித் தலையை வைத்துக்கொள்வோம். ஆலைக்குள் வேலை செய்கிறவர்கள் ஓய்வறையில் மடக்குக் கட்டிலை விரிப்பார்கள். அந்த நேரத்தில் செருப்பை இழுத்து நடந்தால்கூட மறுநாள் வரைக்கும் முறைப்பார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலாளர் துறையிலிருந்து வந்தவர்கள் எழுதிக்கொண்டு போன அறிக்கையில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'அமைப்பில் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டார்கள். நேற்று விசாரணையில் நீங்களும் அதே சொல்லைச் சொன்னீர்கள், அன்பாகத்தான் சொன்னீர்கள். என் வேலையில் நான் கவனக்குறைவாக இருந்ததே கிடையாது. அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நானே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் டூ வென்பின். ஆலையின் கண்காணிப்பு அறை என் பொறுப்பு. சாயத் தொட்டி, கொதிகலன், கழிவுநீர்க் குளம் என்று எங்கெல்லாம் சென்சார் மாட்டியிருக்கிறதோ, அதெல்லாம் என் திரைக்குத்தான் பேசும். இதில் 'வகை' என்று ஒன்று உண்டு. உங்கள் வழக்கே அதன்மேல்தான் நிற்கிறது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியைக் கம்பியில் இணைத்துவிட்டால் மட்டும் கணினிக்கு அது என்னவென்று தெரிந்துவிடாது. இது சூட்டைச் சொல்லும், இவ்வளவைத் தாண்டினால் ஆபத்து, இது பேசாமல் போனால் இன்னாரைக் கூப்பிடு என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுப்பதுதான் வகை. பம்புக்கும் மீட்டருக்கும் விற்றவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். எங்களிடம் இருந்ததில் பாதி, விற்றவர்கள் கண்ணால்கூடப் பார்த்திராத பழைய சாமான். அவற்றுக்கெல்லாம் நானே வகை செய்தேன். எது சாதாரணம், எது ஆபத்து என்று தீர்மானிக்கிற வேலை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, என்னைக் கேட்டு யாரும் எதையும் தீர்மானித்ததில்லை.

போன வருஷம் ஆட்களுக்கும் பேட்ஜ் வந்தது. சட்டைப்பையில் மாட்டிக்கொள்கிற, தீப்பெட்டி அளவுச் சாமான். ஆள் எங்கே இருக்கிறார், அசைகிறாரா, அவரைச் சுற்றியுள்ள காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று அது சொல்லும். ஆள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் ஆலை முழுக்கச் சைரன் அடிக்கும். வெளிநாட்டில் செய்தது. மத்தியானத் தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது செய்தவர்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் விளக்கை அணைத்த சற்று நேரத்தில் ஆலையே அசையாமல் போனது. சைரன் அலறியது. எல்லாரும் கன்னத்தில் மேஜைத் தழும்போடு எழுந்து நின்றார்கள்.

அப்போதுதான் ஆ-தியென் என் அறை வாசலுக்கு வந்தார். முழுப்பெயர் கே தியென்சாய். கழிவுநீர்ப் பகுதியில் மூத்த ஃபிட்டர், ஐம்பதைத் தாண்டியவர், எந்நேரமும் வாயில் பாக்கு.

"யாருடா அது, நாங்க எல்லாம் செத்துட்டோம்னு ஊரைக் கூட்டுறது?" என்றார். "ஓ, நம்ம வென்பினா? உனக்குக் காக்கா வாய்டா. வாயைத் திறந்தாலே சாவுச் செய்திதான்."

சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. சாப்பாட்டு வரிசையில் நான் நின்றால் பின்னாலிருந்து யாராவது கரைவார்கள். ஒரு நாள் சாப்பாடு வைக்கும் யூமெய் அக்கா, "காக்காவுக்கு இன்னொரு கரண்டி கடுகுக்கீரை வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரிடம் நான் எப்போதாவது வேறு மாதிரி ஏதாவது பேசலாம் என்று நினைத்திருந்தேன்.

சைரன் விஷயத்தை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். பேட்ஜ் வகையில் 'ஓய்வு' என்று புதிதாக ஒரு நிலை சேர்த்தேன். மத்தியான நேரத்தில், அலுவலகத்திலோ ஓய்வறையிலோ ஆள் அசையாமல் இருந்தால் அது ஓய்வு. திரையில் பச்சை. எல்லாரும் தூங்கினார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆ-தியெனுக்குத்தான் அது போதவில்லை. அவருடைய குறட்டை தகரக் கூரையில் மழை கொட்டுவது மாதிரி இருக்கும். ஓய்வறையில் இருந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். கழிவுநீர்க் குளத்தை ஒட்டித் தரைக்குக் கீழே ஒரு பம்ப் அறை இருக்கிறது. நல்ல கோடையிலும் அதன் சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அங்கே படுக்க ஆரம்பித்தார். அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று அவரிடம் யார் சொன்னது என்று கேட்டீர்கள். நான் சொல்லியிருக்கலாம். வெயில் காலத்தில் எல்லாரும் எதையாவது சொல்லிக்கொண்டுதானே இருப்போம்.

பம்ப் அறை ஆபத்துப் பகுதி. அங்கே அசையாமல் கிடந்தால் அது ஓய்வு இல்லை. அதனால் சைரன் அடித்தது. அன்றைக்குப் பார்த்து ஜப்பானிலிருந்து துணி வாங்குகிறவர்கள் ஆலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்புக் குழு முகமூடியை மாட்டிக்கொண்டு அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடியது. கீழே இறங்கிப் பார்த்தால் மனிதர் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார். எங்கள் பிரிவுத் தலைவர் சுங், வந்தவர்கள் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் போனதும் ஆ-தியென் ஒரு கூட்டத்தோடு என் அறைக்குள் வந்தார். என் திரையின் மேல் பச்சைப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தேன். உங்கள் அலுவலகக் கணினி மேலும் ஒன்று இருக்கும். இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்பதற்காக வைக்கிற தீனி. நிறம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி கடந்திருக்கக் கூடாது, வைத்த பிறகு யாரும் தொடக் கூடாது. அவர் அதை எடுத்துப் பல்லால் கிழித்தார்.

"இதுதான் உன் மெஷினுக்குக் காவலா? காவலே தூங்குது போல," என்று சொல்லி வாய்நிறையப் போட்டுக்கொண்டார். "மொறுமொறுன்னு நல்லாத்தான் இருக்கு. ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள்.

"இதப் பாரு காக்கா," என்றார். "நான் செத்தாக்கூட என்னை எழுப்பாத. கேட்டுச்சா? இவங்க எல்லாரும் சாட்சி."

பின்னால் நின்ற ஒருவர், "தூ தூ, வேலை செய்யுற இடத்துல பேசுற பேச்சா இது," என்று தரையில் துப்பிவிட்டு, காலால் தேய்த்தார்.

நான் வேறு பொட்டலம் வாங்கி வைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் மனிதர்கள் கத்துவார்கள். நான் கத்தினேனா என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் சுங் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"வென்பின், இன்னொரு தடவை மத்தியானத்துல அது கத்துச்சுன்னா உன்னையும் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கட்டிக் கடல்ல போட்டுருவேன். நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. அந்த ஆளைச் சத்தமில்லாம ஆக்கு."

"பேட்ஜைக் கழட்டி வச்சுட்டுப் படுக்கச் சொல்லலாமா தலைவரே?"

"கழட்டினது தெரிஞ்சா தொழிலாளர் துறைக்காரன் நம்ம தோலை உரிச்சுருவான். அது உடம்புலயே இருக்கட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்."

அங்கே படுக்காதீர்கள் என்று ஆ-தியெனிடமே ஒருவர் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான்.

ஆ-தியெனின் ஒரே ஒரு பேட்ஜுக்கு நான் எதற்குத் தனி வகை செய்தேன் என்பது நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி. மற்ற யாரும் அதைக் கேட்கவில்லை. புதிதாக வகை செய்யும்போது முதல் பக்கத்திலேயே கணினி ஒன்று கேட்கும்: இது ஆளா, சாமானா? ஆள் என்று போட்டால், ஆபத்துப் பகுதியில் அசையாமை அலாரத்தை அணைக்க முடியாது, பூட்டி வைத்திருக்கிறார்கள். சாமான் என்றால் எதை வேண்டுமானாலும் அணைக்கலாம். நான் சாமான் என்று போட்டேன். மத்தியான ஓய்வு நேரத்துக்கு மட்டும்தான். விளக்கு எரிந்ததும் பேட்ஜ் பழைய வகைக்குத் தானாகத் திரும்பிவிடும். மற்ற நேரமெல்லாம் அவர் ஆள்தான்.

சாமான் என்று போட்டால் கூடவே இரண்டு விஷயம் வரும். பக்கத்துக் காற்றில் விஷவாயு ஏறினால் கணினி குறித்துக்கொள்ளும், சைரன் அடிக்காது. சாமான் மூச்சு விடுவதில்லை. அடுத்தது, குளத்துச் சேற்றைக் கலக்கும் மோட்டார். பம்ப் அறையில் ஆள் இருந்தால் அது ஓடாது. சாமான் இருந்தால் ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியவனே நான்தான். பம்ப் அறைச் சுவரில் தனியாக ஒரு வாயு சென்சார் இருந்தது, அது பழுது பார்க்கப் போயிருந்தது. பேட்ஜ் இருக்கிறதே என்று யாரும் அதைத் திருப்பிக் கொண்டுவர அவசரப்படவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

புது வகைக்கு ஒரு படம் போட வேண்டும். பம்ப் படத்தைப் போட்டேன். ஆ-தியென் வந்து திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பம்பா? சரியாத்தான்டா போட்டிருக்க. என் பொண்டாட்டியும் ராத்திரி அதைத்தான் சொல்றா, பம்பு பக்கத்துல படுத்த மாதிரி இருக்குன்னு."

மறுநாள் எனக்குப் பப்பாளிப் பால் வாங்கிக்கொண்டு வந்தார். பனிக்கட்டி போட்டது. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "நீ நல்ல பையன்டா, உன்னைய நான் ரொம்பப் பேசிட்டேன்," என்றார். அந்தப் பாலைக் குடித்துக்கொண்டே, வகையை அழித்துவிடலாம், அவர் வேறு இடத்தில் படுக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கைகூட விசைப்பலகையில் இருந்தது. வெளியே போகும்போது அவர் கதவருகில் நின்று, "காக்கா, விளக்கு நேரமாச்சு, அணைச்சுரு," என்றார். நான் எழுந்து விளக்கை அணைத்தேன். வகை அப்படியே இருந்தது.

கோடை முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. சேறு அள்ளும் லாரி காலையில் வரும். அதற்கு முன்னால் குளத்தைக் கலக்குவார்கள். கலக்கும்போது அடியில் கிடக்கிற, அழுகின முட்டை நாற்றமடிக்கிற விஷவாயு மேலே வரும். கனமான வாயு அது, பள்ளம் பார்த்து இறங்கும். அந்தப் பக்கத்தில் பள்ளம் என்றால் பம்ப் அறைதான். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. காலையில் அங்கே யாரும் இருப்பதில்லை என்பதால் கவலையில்லை. லாரி தாமதமாகும் நாள் என்று ஒன்று வரும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் அந்தக் கோடையில் நான் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டேன். விளக்கை அணைத்த பிறகு திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, என் கண்ணுக்குக் கீழே பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று லாரி மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று தகவல் வந்தது. ஷிஃப்டில் இருந்தவர், ஓய்வு நேரத்தில் தானாக ஓடும்படி மோட்டாரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர்மேல் தப்பில்லை, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். கீழே ஆள் இருந்தால் கணினி தடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கணினியும் பார்த்தது. கீழே ஒரு பம்ப்தான் இருந்தது.

மோட்டாரை நான் போடவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறையில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுங் தலைவர் வாயோரம் எச்சில் ஒழுகத் தலையைச் சாய்த்திருந்தார். திரையில் ஆ-தியெனின் பம்ப் பச்சையாக இருந்தது, பக்கத்தில் 'ஓய்வு' என்ற சொல். அதன் கீழே வாயுவின் அளவு ஏறத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று. நான் சைரனை அழுத்தியிருந்தால் போதும், கை எட்டும் தூரம். மீட்புக் குழு பக்கத்து அறையிலேயே படுத்திருந்தது. அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் எழுந்து என்னைப் பார்ப்பார்கள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியேறி வருவார், என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். சாட்சிகளை வைத்துக்கொண்டு, செத்தாலும் எழுப்பாதே என்று சொன்னவர் அவர்.

பிறகு அந்தப் பம்ப் அசைந்தது. படிக்கட்டுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் வந்தது. படிக்குக் கீழே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'ஓய்வு' என்று காட்டியது.

ஓய்வு நேரம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர் ஆளாக மாறினார். அந்த நொடியே சைரன் அடித்தது. அமைப்பு எழுதியபடி வேலை செய்தது, அதில் ஒரு பிழையும் இல்லை.

இவ்வளவோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். கவனக்குறைவு என்று எழுதியிருப்பீர்கள், நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். செத்த இடத்திலிருந்து ஆ-தியெனின் உயிரை வீட்டுக்கு அழைத்துப்போக அவர் வீட்டார் வந்த அன்று நான் அங்கே போயிருக்கக் கூடாது. பம்ப் அறைப் படியில் பூசாரி மணியடித்துக்கொண்டு நின்றார். ஆ-தியெனின் மனைவி அவருடைய சட்டையை மூங்கிலில் கட்டிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டுக் கேட்டு, விழுகிற விதத்தில் பதில் சொல்லும் குறிக்கட்டைகளைத் தரையில் போட்டார். கட்டைகள் சம்மதம் சொல்லவே இல்லை. அந்த அம்மா திரும்பத் திரும்பப் பொறுக்கிப் போட்டார்.

"என்னய்யா கோவம் உங்களுக்கு?" என்று அழுதார். "யாரையாவது கூப்பிட்டீங்களா? கூப்பிட்டும் யாரும் வரலையா?"

சுங் தலைவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல அண்ணி. தூக்கத்துலயே போயிட்டார், வலி தெரியல. யாரையும் கூப்பிடல. கணினியில எல்லாம் பதிவாகியிருக்கு, அண்ணன் ஒரு தடவைகூடக் கூப்பிடல."

சுற்றி நின்ற எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த முறை கட்டைகள் சம்மதம் என்று விழுந்தன. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், மூங்கிலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அந்தப் பேச்சுத்தான் காதில் கேட்டது. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையாம்.

பேட்ஜில் உதவிப் பொத்தான் ஒன்று உண்டு. பதிவில் இல்லாததால் நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாமானுக்கு உதவிப் பொத்தான் எதற்கு, நீக்கிவிடு என்றுதான் கணினி சொன்னது. நான் நீக்கவில்லை, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழுத்தினால் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மீட்புக் குழுவை எடுத்துவிட்டு, என் மேஜையை மட்டும் போட்டேன். சத்தம் வராது, எங்கேயும் பதிவாகாது. என் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரியும்.

அன்று அது எரிந்தது. அணைந்து மறுபடியும் எரிந்தது. படிக்குக் கீழே அவர் நின்றுவிட்ட பிறகும் எரிந்தது. நான் மோட்டாரை நிறுத்தவில்லை, சைரனைத் தொடவில்லை, பக்கத்தில் தூங்கியவரை எழுப்பவில்லை. தெரிந்தேதான் கொன்றேன், கவனக்குறைவை அடித்துவிட்டு அதை எழுதுங்கள். அந்த விளக்கு எரிந்த நேரமெல்லாம் நான் கண்ணை எடுக்கவே இல்லை. அவருடைய மனைவியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்: ஆலையில் அத்தனை பேர் இருக்க, தியென்சாய் அண்ணன் கடைசியாகக் கூப்பிட்டது என்னைத்தான்.